கயிற்றின் எந்தப் பக்கம் என் இடம்?

இன்று காணும் பொங்கலுக்கு எங்கள் அப்பார்ட்மென்ட்டில் கயிறு இழுக்கும் போட்டி.

என்னை வெளியூர் அணியில் போட்டுவிட்டார்கள்.

என்னை. திருச்சி பாலக்கரையில் பிறந்து, பாலக்கரையில் வளர்ந்து, இதே ஊர்க் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் என்னை. (காவிரியில் தண்ணீர் வராத வருடங்களிலும் இங்கேயேதான் இருந்தேன்.)

கே.கே. நகரில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்தது போன வருடம். என் மனைவி பர்வீனுக்கு இஷ்டமே இல்லை. "நம்ம தெருவுல நம்மள யாரும் யாருன்னு கேக்க மாட்டாங்க. அத விட்டுட்டு அங்க எதுக்குங்க?" என்றாள். படித்தவர்கள் இருக்கும் இடம், அப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று நான்தான் பிடிவாதமாக அழைத்து வந்தேன்.

வந்த வாரமே கேட்டார்கள். கேட்டவர் சங்கச் செயலாளர் சண்முகவேல்.

"சார் எங்கேருந்து வர்றீங்க?"

"பாலக்கரைங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அப்பவும் பாலக்கரைதாங்க."

"இல்ல சார், பூர்வீகம்?"

"ரொம்பப் பின்னாடி போனா இதே ஊர் பெரிய கடைவீதி."

அவருக்குத் திருப்தியில்லை. அவர் விருதுநகர்க்காரர். பெல் தொழிற்சாலை வேலைக்காகக் கைலாசபுரம் வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையோடு முடித்துவிடலாம்.

அவர்தான் இன்று மைக்கைப் பிடித்து அணி பிரித்தார். ஒரு பக்கம் 'மண்ணின் மைந்தர்கள்'. எதிர்ப்பக்கம் 'நம்மை நாடி வந்தவர்கள்'. எல்லோரையும் அரவணைக்கும் ஏற்பாடாம். நாடி வந்தவர்கள் யார் யார் என்றால், லக்னோவிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி, ஒடிசாவிலிருந்து வந்த வாட்ச்மேன், எலெக்ட்ரிக்கல் கடை மகேஷ், இன்னும் சிலர், "அப்புறம் நம்ம ஜமால் பாய்!"

லக்னோக்காரர் இந்தியில் அன்பாக ஏதோ சொல்லி எனக்கு இடம் விட்டார். எனக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் ஒரே அணி.

பர்வீன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவள் வீடு என்று சொன்னது மாடியில் இருக்கும் ஃப்ளாட்டை அல்ல. இன்று எழுந்து போனால் பாலக்கரைக்கே போய்விடுவோம், திரும்பி வரமாட்டோம் என்று இருவருக்கும் தெரியும்.

பக்கத்தில் நின்ற மகேஷ் என் தோளைத் தட்டினார். "விடுங்க சார். நமக்கென்ன இது புதுசா?"

அந்த 'நமக்கு' எனக்கு எரிந்தது. "உங்க தாத்தா ராஜஸ்தான்லேருந்து வந்தாரு மகேஷ். எங்க வீட்ல யாரும் எங்கேருந்தும் வரல. ரெண்டும் ஒண்ணா?"

"சரி சார், தாத்தா வந்தாரு. நான் எங்கேருந்து வந்தேன்? பொறந்தது தெப்பக்குளம் பக்கத்துல. ராஜஸ்தான்ல எனக்கு ஒரு டீக்கடைகூடத் தெரியாது."

அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த ஆத்திரமும் சேர்ந்து சண்முகவேல் பக்கமே திரும்பியது.

நண்பர்களே, எண்ணிக்கையில் குறைவாக இருப்பது வேறு. வேறு ஊரிலிருந்து வந்திருப்பது வேறு. வாட்ச்மேன் வந்தவர். அவருக்கு வரவேற்பு வேண்டும், ஒழுகாத அறை வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டும். எனக்கு வரவேற்பு வேண்டாம். என் வீட்டு வாசலில் நின்று என்னையே 'வாங்க வாங்க' என்றால் நான் எங்கே போவது? கிரிக்கெட்டில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்ற மறுநாள் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் மட்டும் "என்ன சார், சந்தோஷமா?" என்று கேட்டவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை.

போய் மைக்கை வாங்கினேன்.

"செயலாளர் சார், சின்னத் திருத்தம். திருச்சியில பொறந்தவங்க ஒரு பக்கம், மத்தவங்க ஒரு பக்கம். வச்சுக்கலாமா?"

"விளையாட்டுல போய் இதெல்லாம் எதுக்கு பாய்?"

"பிரிச்சது நீங்கதானே சார்."

"நான் வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"நல்லா இருங்க சார், இன்னும் நூறு வருஷம் இருங்க. ஆனா வந்தீங்கல்ல?"

யாரோ சிரித்தார்கள். அப்போது முதல் மாடி வைதேகி மாமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "நான் ஸ்ரீரங்கம், உத்தர வீதி. பெருமாள் கோவில் மணி கேட்டுண்டே பொறந்தவ. கொஞ்சம் தள்ளுங்கோ, நான் முன்னாடி நிக்கறேன்."

இரண்டாம் மாடி இளைஞன் கை தூக்கினான். "துறையூர் சார். மாவட்டத்துக்குள்ளதானே, சேத்துக்குவீங்களா?"

"வாங்க தம்பி."

மகேஷ் கேட்கவே இல்லை. நேராக வந்து கயிற்றைப் பிடித்தார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக எதிர்ப்பக்கம் போனார்கள். மதுரை, கோவை, கும்பகோணம், காரைக்குடி. மண்ணின் மைந்தர்கள் அநேகமாக எல்லோருமே நாடி வந்தவர்கள்! கடைசியாகச் சண்முகவேல், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், வாட்ச்மேனுக்குப் பின்னால் போய் நின்றார்.

எங்கள் பக்கம் மாமி, மகேஷ், துறையூர்த் தம்பி, நான்.

பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம். பர்வீன்.

"நகருங்க. கயிறு பிடிக்கத் தெரியுதா உங்களுக்கு? காலை அகட்டி நில்லுங்க."

விசில் ஊதியதும் தோற்றுவிட்டோம். போட்டி என்றே சொல்ல முடியாது, இழுத்துப் போட்டார்கள். மாமி என் மேல் விழுந்தார், நான் பர்வீன் மேல் விழுந்தேன். மூச்சு முட்டச் சிரித்தோம். பிறகு மாடியேறி எங்கள் ஃப்ளாட்டுக்குப் போய்க் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டோம். பாலக்கரைப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் சண்முகவேல் படங்களைப் போட்டிருந்தார். கீழே இப்படி ஒரு வரி: "நமது பொங்கல் விழாவில் ஜமால் பாய் குடும்பத்தினரும் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்."

பர்வீன் போனை என் கையிலிருந்து பிடுங்கி அவளே பதில் போட்டாள்:

"எங்க ஊருக்கு வந்து பொங்கல் கொண்டாடினதுக்கு எங்க குடும்பத்தோட நன்றி சார். அடிக்கடி வாங்க."