மல்லிகா கிழித்துப் போட்ட கோட்பாடு

செய்தியைச் சொன்னதே பேராசிரியர்தான். "நம்ம மல்லிகா போயிட்டாப்பா. மஞ்சள் காமாலை. இரங்கல் கூட்டத்துல நான்தான் பேசறேன். அவ போட்டோ ஒண்ணு கொண்டு வா" என்றார் தொலைபேசியில். அந்த 'நம்ம' எனக்கு எரிந்தது. மல்லிகா அவரிடம் ஐந்து வருடம் சமூகவியல் ஆராய்ச்சி செய்தவள். பட்டம் வாங்காமலே போய்விட்டாள். ஏன் என்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் படித்தவன். தாம்பரத்தில், கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் வேலை. அவளுடைய கணக்கெடுப்பை அட்டவணையாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் நாளே, "தியரின்னா பெரிய வார்த்தையில பேசறதுதானே மேடம்?" என்று கேட்டேன்.

"மிஸ்டர் பாலிடெக்னிக், கரண்டைக் கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"பல்பு எரியறதைப் பார்த்துட்டு உள்ள ஒண்ணு ஓடுதுன்னு சொல்றீங்க இல்ல? நானும் அதான் செய்யறேன். என் பல்பு மனுஷங்க. அடிக்கடி ஃபியூஸ் போகும்."

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தெரு அடிபம்பில் யார் யாருக்கு முன்னால் குடம் வைக்கிறார்கள் என்று மூன்று மாதம் குறித்தாள். நிலம் வைத்திருந்த பழைய ஊர்க்காரர்கள் முன்னால், வாடகைக்கு வந்தவர்கள் பின்னால். வரிசையில் முந்தியவருக்கே தெருவில் மரியாதை அதிகம் என்பது அவள் கோட்பாடு. அட்டவணை அழகாகப் பொருந்தியது, ஒருத்தியைத் தவிர. கடற்கரையிலிருந்து மீன் விற்க வரும் கன்னியம்மா கூடை கழுவ வந்தால், எல்லோரும் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள்.

"ஒரு ஆள்தானே, தூக்கிடுங்க" என்றேன்.

"தூக்கினா கணக்கு சரியாயிடும். தெரு சரியாகுமா?" என்று என்னையும் பம்படிக்கு இழுத்துப் போனாள். கன்னியம்மாவிடம், "உங்களுக்கு மட்டும் எல்லாரும் வழி விடறாங்களே, மரியாதையா அக்கா?" என்று கேட்டாள்.

கன்னியம்மா சிரித்தாள். "இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு! நான் நின்னுக்கினு இருந்தா அவுங்க கொடத்துல கவுச்சி ஒட்டிக்குமாம். சீக்கிரம் தொலையட்டும்னுதான் வழி வுடறாங்க. இதுல மரியாதை எங்க கீது?"

 மறுநாள் மல்லிகா தன் வரைவைக் கிழித்துப் போட்டாள். "முன்னால விடறது மரியாதையாவும் இருக்கலாம், விரட்டறதாவும் இருக்கலாம். யார் எங்க நிக்கறாங்கன்னு எண்ணினேனே தவிர, ஏன் வழி விடறாங்கன்னு கேட்கல." வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஒரு வருடம் உழைத்துப் புதிதாக எழுதினாள்.

பேராசிரியர் புதியதில் கையெழுத்துப் போடவில்லை. "பழசே போதும்மா, அழகா இருக்கு" என்றார். தப்பென்று தெரிந்ததைக் கொடுக்க அவள் மறுத்தாள்; பட்டம் அதோடு நின்றது. பழையதன் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. அடுத்த ஆண்டே அதைத் தம் பெயரில் புத்தகமாக்கினார். அதில் கன்னியம்மாவும் இருக்கிறாள், உழைக்கும் பெண்ணுக்குத் தெரு தரும் தனி மரியாதைக்குச் சான்றாக!

"கேஸ் போடலாம்" என்று குதித்தேன். மல்லிகா சிரித்தாள். "திருடறதுதான் திருடினார், நல்லதா பார்த்துத் திருடியிருக்கக் கூடாதா? விடுங்க. தப்பான தியரி தானா விழுந்துடும்."

அவள் தவறாகச் சொல்லி, பிறகு தானே திருத்தாமல் விட்டது இது ஒன்றுதான். அது விழவில்லை, பாடப்புத்தகமாகிவிட்டது. தள்ளுவதற்கு ஆள் வேண்டும்.

அவளுடைய பெருந்தன்மை என்னிடம் ஒட்டவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது அவளுடைய இரண்டாம் வரைவு, அவள் பெயரோடு, அவள் கையால் போட்ட திருத்தங்களோடு. அதைப் பிரதிகள் எடுத்து, இந்த அஞ்சலியோடு சேர்த்துத் தைத்து, உங்கள் ஒவ்வொருவர் நாற்காலியிலும் வைத்திருக்கிறேன். பேராசிரியர் பேசி முடிக்கட்டும். பிறகு, கன்னியம்மாவுக்கு ஏன் வழிவிட்டார்கள் என்று அவரைக் கேளுங்கள். மைக் செட் இன்று என் பொறுப்பு. அவர் பதில் சொல்லும்வரை அணைக்க மாட்டேன்.