அப்பாவோடு ஆடிய கே கார்டன்ஸ்

மெழுகு தேய்த்த மரத்தரையின் வாசனையும் ஆறிப்போன காபியின் வாசனையும் கலந்து கிடக்கும் பார்சிப்பனி என்ற அமெரிக்க ஊரின் தேவாலயக் கீழ்க்கூடத்தில், என் அப்பா என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்காட்லாந்து நடனம் பழகியதை, எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷீலா அமெரிக்காவில் பிறந்தவள், அப்போது ஏழு வயது. மூத்தவளான நானோ நாலு வயதில் நாகர்கோவிலில் சித்தி வீட்டில் விடப்பட்டு, பன்னிரண்டு வயதில்தான் பெற்றோரிடம் வந்து சேர்ந்தேன். அதுவரை கேசட்டில் பேசி அனுப்பும்போதெல்லாம் அப்பா என்னை "மக்ளே" என்பார். வந்து பார்த்தால் அவளுக்கும் அதே "மக்ளே"தான். அவள் "ஓகே டாடி" என்று பதில் சொல்வாள்.

சபையில் ஸ்காட்லாந்து வம்சத்தார் பலர். வசந்தகால விருந்துக்காக "கே கார்டன்ஸ்" என்ற ஜோடி நடனத்தை எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அம்மா வெட்கப்பட்டு மறுத்துவிட, அப்பாவுக்கு ஷீலாதான் "பார்ட்னர்". நாலடி முன்னே, திரும்பி நாலடி பின்னே. பிறகு அப்பா உயர்த்திய கைக்கடியில் அவள் பம்பரமாகச் சுழல்வாள். நான் சுவரோரமிருந்தே அடிகளை எண்ணிக்கொள்வேன். வீட்டில் வாஷிங் மெஷின் ஓடும் சத்தத்தில், யாருக்கும் தெரியாமல் தனியே ஆடிப் பழகினேன்.

விருந்தன்று மாலை ஷீலாவின் ஒரு ஷூவை எடுத்து, மேசையில் குவித்திருந்த கோட்டுகளுக்கடியில் ஒளித்தேன். அவள் தேடி அழுதாள். இசை தொடங்கிவிட்டதால் அப்பா என்னைக் கூப்பிட்டார். ஓரடிகூடத் தவறாமல் ஆடினேன். "நீ எப்பம் படிச்ச மக்ளே?" என்று அவர் குனிந்து கேட்டார்.

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் பெண்கள் அடுத்த ஆணிடம் போகவேண்டும் என்று அன்று அறிவித்தது என் காதில் விழவில்லை. முன்னால் நின்ற முதியவர் கை நீட்டினார். நான் அப்பாவின் விரல்களை விடவில்லை. பின்னால் வந்த ஜோடிகள் முட்டிக்கொண்டு நின்றன.

"விடு மக்ளே. சுத்தி வந்தா எங்கிட்டதானே வருவ."

விட்டேன். ஆள் மாறி ஆள் மாறி, அப்பாவை அடைய இன்னும் இரண்டு பேர் இருக்கையில் இசை நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் வெறும் காலுறையோடு ஷீலா நின்றிருந்தாள். அழுகையைப் பொறுக்காமல் அம்மாதான் அவளை வட்டத்துக்குள் விட்டிருக்கிறாள். அப்பா அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினார்.

கிளம்பும்போது கோட்டுகளுக்கடியில் ஷூ கிடைத்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், தரையில் முழங்காலிட்டு அதை அவளுக்கு மாட்டிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்தத் தேவாலயத்தை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். அம்மாவும் இல்லை. அப்பா மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் என்னோடுதான் இருக்கிறார். சாப்பாடு, மருந்து, டாக்டர் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டின் மறுகோடியிலுள்ள சான்டா கிளாராவிலிருந்து ஷீலா போன் செய்வாள். அடுத்த அறையில் அவர் சிரிப்பது கேட்டால், அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள, ஓடிக்கொண்டிருக்கும் மிக்சியை நிறுத்திவிடுகிறேன்.