இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வக்கீல்

போடி கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது வக்கீல் ஜெபஷீலாவின் அலுவலகம். கடை அவருடைய அண்ணன் ஸ்டீவனுடையது. கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்தால் மேலே பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஜெபஷீலாவுக்கு அதில் வருத்தமில்லை. கோபமாக வந்தவர்கள் அந்த நேரத்தில் ஒரு வாய் தண்ணீராவது குடிப்பார்கள் என்பார்.

வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "குடும்பம் நடத்தாத உங்களுக்கு விவாகரத்துல என்ன தெரியும்?" என்று ஒரு மாமியார் நேரிலேயே கேட்டிருக்கிறாள். "அதான் எனக்கு ரெண்டு பக்கத்துப் பேச்சும் காதுல விழுது" என்றாராம்.

போன ஆவணியில் சுருளிராஜன் வந்தான். காலையில் பெண்களை ஏலத்தோட்ட வேலைக்கு மலையேற்றி, மாலையில் இறக்கிக் கொண்டுவரும் ஜீப் டிரைவர். முந்தின நாள் சாயங்காலம் போலீஸ் அவனை ஊதச் சொல்லிப் பிடித்திருந்தது. ஜீப் ஸ்டேஷன் வாசலில் நின்றது.

குடித்து ஓட்டிய யாரிடமும் ஜெபஷீலா முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வண்டியில யாரு இருந்தாக?"

"யாருமில்ல மேடம். பொம்பளையாளுக எல்லாரையும் இறக்கி விட்டுட்டுத்தான் குடிச்சேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "மெஷின் தப்புன்னு சொல்ல முடியாதா?" என்றான்.

"குடிச்சீகளா இல்லையா?"

"குடிச்சேன்."

"அப்புறம் மெஷினை ஏன் குறை சொல்றீக? கோர்ட்டுல ஒத்துக்கிடுங்க. மொத தடவைங்கிறதால அபராதத்தோட விடலாம். ஜெயிலுக்கும் சட்டத்துல இடம் இருக்கு, அதை நான் மறைக்க மாட்டேன். லைசென்சைக் கொஞ்ச மாசம் நிறுத்தி வைப்பாக. அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது."

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தான். "வீட்ல தெரிய வேணாம் மேடம்."

"எங்கிட்ட இருந்து தெரியாது" என்றார் ஜெபஷீலா.

நான்காம் நாள் முனீஸ்வரி என்றொரு பெண் வந்தாள். ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் வேலை. உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள். "எங்க வீட்டுக்காரரு வாயைத் தொறந்தா பொய்யி. ஜீப்பு ஒர்க்‌ஷாப்புல கிடக்குன்னாரு. நானே போயிப் பாத்தேன், அங்கன இல்ல. எவளுக்கு எழுதிக் குடுத்தாரோ. அவருகிட்ட இருந்து என்னை வெட்டி விட்ருங்க, போதும்."

ஜீப் என்றதும் ஜெபஷீலா நிமிர்ந்தார். "வீட்டுக்காரர் பேரு?"

முனீஸ்வரி வாயால் சொல்லவில்லை. தாளை இழுத்து எழுதிக் காட்டினாள். ஜெபஷீலா பேனாவை மூடி வைத்தார்.

"இந்தக் கேஸை நான் எடுக்க முடியாது தாயி."

"ஏன்?"

"காரணமும் சொல்ல முடியாது. இதுக்கு மேல எங்கிட்ட எதையும் சொல்லாதீக." தேனி கோர்ட்டில் உள்ள சட்ட உதவி மையத்தையும், அங்கே வரும் பாண்டீஸ்வரி என்ற வக்கீலின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். "பொம்பளைகளுக்கு அங்கன இலவசமா வக்கீல் வச்சுக் குடுப்பாக."

முனீஸ்வரி தாளைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள். அன்று மத்தியானம் தங்கை சோற்றைப் பிசைந்தபடியே இருந்ததை ஸ்டீவன் பார்த்தார். கேட்டால் பதில் வராது என்று தெரியும், கேட்கவில்லை.

முனீஸ்வரி வந்து போனதை சுருளிராஜனிடமும் சொல்ல முடியாது. சாயங்காலம் அவனைப் போனில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "வாய்தாவுக்கு முந்தி வீட்ல சொல்லிருங்க. கேஸுக்காக இல்ல, உங்களுக்காக."

இரண்டு நாள் விழுங்கி விழுங்கிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மனைவி மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டான். கேஸ் எந்த வக்கீலிடம் இருக்கிறது என்பதையும் சொன்னான். மறுநாள் காலையில் முனீஸ்வரி மறுபடி மாடியேறினாள்.

"தெரிஞ்சுக்கிட்டே என்னை உக்கார வச்சிருந்தீக."

"பேரை எழுதினப்புறம் தெரிஞ்சது. ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத்தனை நாளு அழுதிருக்க மாட்டேன்."

"அது எனக்கும் உறுத்துச்சு. ஆனா உங்களைப் பத்தி அவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல."

முனீஸ்வரி யோசித்தாள். "நான் இங்கன வந்தது அவருக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லலேன்னா தெரியாது."

அதற்குப் பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கோர்ட்டில் சுருளிராஜன் ஒத்துக்கொண்டான். அபராதத்தோடு விட்டார்கள். பிறகு லைசென்சும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. முனீஸ்வரியின் தம்பி தங்கப்பாண்டியன் ஜீப்பை ஓட்ட, சுருளிராஜன் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறினான். ஜீப்பில் வரும் பெண்கள் ஒரு மாதம் அவனைக் கிண்டல் செய்து தீர்த்தார்கள்.

முனீஸ்வரி தேனிக்குப் போய் பாண்டீஸ்வரியைப் பார்த்தாள். மனு எழுதவில்லை. "குடிச்சதைக் கூட விட்ருவேன். இனி ஒரு பொய் சொன்னா தேனி பஸ் ஏறிருவேன்" என்று புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் இப்போது கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறான், அதுதான் தொந்தரவு என்கிறாள்.

ஜெபஷீலாவும் ஒன்று கற்றுக்கொண்டார். யார் வந்தாலும் கதையைத் தொடங்கவிடாமல் எதிர்த்தரப்பின் பெயரைக் கேட்டுவிடுகிறார்.

பங்குனியில் முனீஸ்வரி தன்னோடு வேலை பார்க்கும் சுருளியம்மாளை அழைத்து வந்தாள். படியிலேயே அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தது மேலே கேட்டது.

"இந்தம்மாகிட்ட எதை வேணும்னாலும் சொல்லலாம். ஆனா உம் புருஷன் முந்திக்கிட்டானான்னு மொதல்ல கேட்டுக்க."