புளியமரத்தடியில் நின்ற வண்டி

போளூரிலிருந்து பேருந்து காலை நடைக்குக் கிளம்பும் நேரத்தில் தணிகாசலம் அண்ணனின் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போய்ட்டாருங்க. நடந்துட்டு வந்து தண்ணி கேட்டாரு, அவ்ளோதான்." சரி என்று மட்டும் சொல்லிவிட்டு டிக்கெட் கிழித்தேன். ஏற்கெனவே வாங்கிய பெரியவருக்கே இன்னொன்றும் கிழித்துக் கொடுத்தேன். அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவர் நல்லவர் என்று இந்த இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் பேசினீர்கள். அவருக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜமுனாமரத்தூர் போகும் தனியார் பேருந்தில் பல வருடம் அவர் ஓட்டுநர், நான் நடத்துநர். மலை ஏறி மேலே போனதும் எந்த ஓட்டல் முன்னால் வண்டி நிற்கிறதோ, அங்கே எங்கள் இருவருக்கும் சாப்பாடு இலவசம். வண்டிக்காரர்களுக்கு இது எழுதாத சட்டம். நாங்கள் அதை ஓசிச் சோறு என்று நினைப்பதில்லை, மரியாதை என்று நினைப்போம். பரோட்டா, சால்னா, ஆம்லெட் எல்லாம் முதலில் எங்கள் இலைக்குத்தான் வரும்.

ஒரு நாள் அவருக்கு நெஞ்சை அடைத்தது. வேலூரில் பார்த்த மருத்துவர் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கவும், பொரித்ததையும் பீடியையும் விடவும், தினமும் நடக்கவும் சொன்னார். சோதித்துப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதியும் கொடுத்தார். வீட்டுக்கு வெளியே இதை அண்ணன் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

மறுவாரத்திலிருந்து ஓட்டலைத் தாண்டிப் போய்ப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். டப்பாவில் சாமைச்சோறு, கீரை, உப்பு குறைத்த மொச்சைக் குழம்பு. சாப்பிட்டதும் வண்டி கிளம்பும் வரை நடை. "இன்னாணா, புள்ள பெத்தவ பத்தியமா?" என்று பயணிகள் சிரிக்கக் கிண்டல் செய்வேன். "உப்பு கொறைஞ்சா நாக்கு பத்து நாளு அழுவும், அப்புறம் பழகிடும். நெஞ்சு அழுதா வூடே அழுவும்டா" என்பார். எனக்கும் ஒரு பங்கு கட்டிக்கொண்டு வருவார். நான் தொட்டதில்லை.

பழைய ஓட்டலுக்கே நடந்து போனேன். "வண்டி அங்க நிக்குது, சோறு மட்டும் இங்கியா?" என்று கடைக்காரர் நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

அந்த ஆத்திரத்தில் முதலாளியிடம் போனேன். "அண்ணனுக்கு நெஞ்சு வலிங்க. கொண்டை ஊசி வளைவுல இன்னா ஆவுமோன்னு பயமா இருக்குதுங்க" என்றேன். மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. பயணிகள் மேல் அக்கறையாம் எனக்கு. பரோட்டா அக்கறை, த்தூ.

அவரை மலை ஏறாமல் கீழே கலசப்பாக்கம் பக்கம் ஓடும் வண்டிக்கு மாற்றினார்கள். அங்கே ஆற அமரச் சாப்பிடவோ நடக்கவோ நேரம் கிடையாது. டப்பாவை ஸ்டியரிங் பக்கத்திலேயே வைத்து அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வார் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் போனார் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

போன வருடம் எனக்கே நெஞ்சிலிருந்து இடது தோள் வரை வலி இழுத்தது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். வெட்கமில்லாமல் அவருக்குத்தான் போன் செய்தேன். அன்றைக்கே லீவு போட்டுவிட்டு வந்து வேலூருக்கு அழைத்துப் போனார். சோதனை அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத ஏகாம்பரம். நான் மொதலாளிகிட்ட சொல்ல மாட்டேன்" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய வலியைத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. குத்திக் காட்டச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த வாரம் கேட்கலாம், அடுத்த வாரம் கேட்கலாம் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இப்போது மேலே வண்டி நின்றதும் சாமைச்சோறு சாப்பிட்டுவிட்டு நடக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு: இந்தப் பழக்கமும், அவர் வாய் திறக்காததால் தப்பித்த வேலையும். பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். வேலையைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர் என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். முதலாளி ஐயா, எனக்கும் நெஞ்சு வலி உண்டு. அண்ணன் உங்களிடம் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.