இழு, அடக்கு, விடு

முதலில் நடுங்கியது என் வலது கை. காக்ஸ் டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. ஒரு அம்மாளின் புருவத்துக்கு நூல் போட்டுக்கொண்டிருந்தேன். நூல் அறுந்து, இமைக்கு மேலே தோல் கிழிந்துவிட்டது. “காலையில சாப்பிடலையாம்மா?” என்று அவர் பரிவோடு கேட்டார். சாப்பிட்டுத்தான் இருந்தேன். குடிக்காமல் இருந்தேன், அதுதான் நடுக்கம்.

அதற்கு வித்ட்ராயல் (பழகிய சரக்கு கிடைக்காதபோது உடம்பு படும் பாடு) என்று பெயர் இருப்பதே, பெண்களுக்கான மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஐந்து மாதம் அங்கே இருந்தேன். கை நடுக்கம் நின்றது. அங்கே சொல்லித் தந்த மூச்சுப் பயிற்சி பிடித்துப்போய், வெளியே வந்து யோகா படித்தேன். பிறகு அதே இல்லத்துக்கு வாரம் மூன்று நாள் ஆசிரியையாகப் போக ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு பாய், பன்னிரண்டு பெண்கள். அவர்கள் பேச்சைக் கேட்பதற்கே போகலாம். “என் குடலுக்குக் காது இருக்குக்கா. மூடி திருகுற சத்தம் அதுக்குக் கேட்டுடும்” என்பாள் அல்சூர் கமலா. கிரேவிங் (திரும்ப வேண்டும் என்று உடம்பு பிடிக்கும் அடம்) என்பதை எந்த டாக்டரும் எனக்கு இவ்வளவு சரியாக விளக்கியதில்லை.

ரோசி அதிகம் பேசமாட்டாள். அவள் பழக்கம் சொல்யூஷன், பஞ்சர் ஒட்டும் பசை. துணியில் வைத்து முகர்வது. மகள் நான்சிக்கு ஒன்பது வயது, கன்னியர் நடத்தும் ஹாஸ்டலில் இருந்தாள். மூன்று மாதம் முழுசாக இல்லத்தில் இருந்துவிட்டால் கிறிஸ்மஸுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி.

அன்றைக்கும் வழக்கம்போலச் சொன்னேன். “மூச்சை இழுங்க. அடக்குங்க. மெதுவா விடுங்க.”

கமலா கண்ணைத் திறந்தாள். “என்னக்கா இது? இழு, அடக்கு, விடுன்னு புதுசா சொல்ற மாதிரி சொல்றீங்க! இதுல நாங்கல்லாம் டிகிரி வாங்கினவங்க.”

கூடமே சிரித்தது. பீடியோ கஞ்சாவோ பசையோ, அவர்கள் வாயில் எல்லாமே ‘இழுக்கிறது’தான். இத்தனை நாள் அது எனக்கு உறைக்கவில்லை. உறைத்த பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம். சிரிப்போடு சிரிப்பாக, “அப்ப நல்லா இழுங்கடி!” என்றேன். எண்ணத் தொடங்கினேன்.

ரோசி மட்டும் சிரிக்கவில்லை. கண் மூடியே இருந்தது. அவள் வலது கை, உள்ளே துணி இருப்பதுபோல மூடிக்கொண்டு, மெல்ல எழுந்து மூக்கருகே போனது. நான் பார்த்தேன். அப்போது ஐந்து வரை எண்ணியிருந்தேன். வகுப்பு கெடக்கூடாது என்று பத்து வரை எண்ணி முடித்தேன்.

மத்தியானம், “பாப்பாவுக்கு போன் பண்ணிட்டு வரேன்” என்று கேட்டில் சொல்லிவிட்டுப் போனவள் திரும்பவில்லை.

“ஒரு வார்த்தைக்காக யாரும் போறதில்லம்மா. நாள் நெருங்க நெருங்கத்தான் பயம் ஜாஸ்தி ஆகும்” என்றார் இல்லத்து டாக்டர்.

“அப்ப நான் சொன்னது பரவாயில்லையா, டாக்டர்?”

அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். “இனிமே சொல்லாதீங்க.”

போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரி வராண்டாக்களில், ஏரிக்கரையில், மெட்ரோ பாலத்தடியில் போனில் இருந்த அவள் படத்தைக் காட்டித் திரிந்தேன். இன்றுவரை தகவல் இல்லை.

கிறிஸ்மஸ் லீவில் சிஸ்டர் நான்சியைக் கூட்டி வந்தார். அம்மா இருந்த இடத்தைப் பார்த்தே தீருவேன் என்று பிள்ளை அடம் பிடித்ததாம். பாயை விரித்துக் காட்டினேன். உட்கார்ந்தாள்.

“எனக்கும் இது தெரியும் ஆன்ட்டி. அம்மா போன்ல சொல்லிக் குடுத்தாங்க.”

வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடினாள். “இழு… அடக்கு… விடு…” நான் இழுத்து இழுத்துச் சொல்வேனே, அதே ராகம்.

வேறு மாதிரி சொல்லணும் பாப்பா என்று தொண்டைவரை வந்தது. ஆனால் அவளுக்கு அது அம்மாவின் வார்த்தை.

“சரியா செய்றேனா?”

“சரிதான்டா.”

இப்போது வகுப்பில், “மூச்சு வருது, பாருங்க. போகுது, பாருங்க” என்று மட்டும் சொல்கிறேன். உங்களில் யாராவது இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால், முதலில் அவர்கள் வார்த்தைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கை நடுங்குவதில்லை. முன்பெல்லாம் என் நாள் இரண்டாகத்தான் இருந்தது, குடிப்பதற்கு முன், குடித்த பின். இப்போது வேறு ஒரு நேரம் இருக்கிறது. மூச்சு வெளியே போய், அடுத்தது வருவதற்குள் கொஞ்சம் காலியாகக் கிடக்கிறதே, அது. அங்கே ஒரு கை மூடிக்கொண்டு மேலே எழுகிறது. நான் பார்த்துக்கொண்டே எண்ணுகிறேன். ஆறு. ஏழு.