முள் அசையாத வெள்ளிக்கிழமைகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கல்முனைக்குடியில் எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான்; கலியாணம் முடித்த ஆண் அங்கே வந்து குடியிருப்பான். உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு, உம்மா மௌத்தானதும் என்னுடையதாகிவிட்டது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் தலையைத் தடவிச் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு வாப்பாவும் போனார். வாய்க்கால் வேலைகளைப் பார்க்கும் ஓவசியர் அவர். தன்னுடைய தகரப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அக்கரைப்பற்றில் இருந்த தன் சகோதரியின், என் மாமியின், வீட்டுக்குக் குடிபோனார். என்னைப் பார்த்துக்கொள்ள உம்மாவின் தங்கை வந்து சேர்ந்தாள். சாச்சிக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை; இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவள் புருஷன், சாச்சா, பண்டாரவளையில் ஒரு புடவைக்கடையில் இருந்தார். இரண்டு பெருநாளுக்கும் மட்டும் வருவார்.

வாப்பா வெள்ளிக்கிழமைதோறும் வந்தார். மதியம் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிடுவார், விறாந்தையில் பாய் போட்டுப் படுப்பார், என் கணக்குக் கொப்பியைப் பார்ப்பார், இரவில் இஷா தொழுகை முடிந்துதான் கிளம்புவார். மற்ற ஆறு நாளும் நான் அந்தச் சில மணி நேரத்தை நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்தேன். பொழுது பட்டு மஹ்ரிபு தொழுத பிறகு மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எனக்காகப் போட்டுக் காட்டுவார். கிடுகு வேலியில் ஒரு பெரிய வட்டம் விழும். அந்த வட்டத்துக்குள் நான் போய் நிற்பேன்.

விளக்கின் முதுகில் கண்ணாடிக்குள் ஒரு சிறிய முள் இருந்தது. எஞ்சின் ஓடும்போது முள் வலப்பக்கம் சாய்ந்தால் டைனமோ மின்சாரம் உண்டாக்கிப் பற்றரிக்கு அனுப்புகிறது என்று அர்த்தம். இடப்பக்கம் சாய்ந்தால் பற்றரியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. வாப்பா இதை எனக்கு ஒருமுறை சொல்லியிருந்தார். அவர் எனக்கு ஒருமுறை சொன்ன எதையும் நான் அப்போது மறப்பதில்லை.

அதனால்தான் அந்தப் பொத்துவில் கதையும் என் காதில் தங்கிவிட்டது. ஒரு வெள்ளி, வாப்பா யாரோ ஒருவரிடம் கதைத்துக்கொண்டிருந்தார். அவருடன் வேலை செய்யும் ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் ஒரு வயர் கழன்றுபோய், அந்த மனிதர் பொத்துவிலில் இரண்டு இரவு தங்க வேண்டியதாயிற்றாம். வாப்பா அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். இரண்டு இரவு என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி அவர் பள்ளிவாசலுக்கு நடந்து போன நேரத்தில், உம்மாவின் தையல் மெஷினுக்குரிய சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். மணலில் புதையாமல் இருக்க மோட்டார் சைக்கிளின் காலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்திருந்தார்கள். அதன்மேல் குந்தி, எட்டக்கூடிய இடமெல்லாம் பார்த்தேன். டைனமோவின் முனையில் ஒரு சிறு மூடி, அதற்கு ஒரேயொரு திருகாணி. கழற்றினேன். உள்ளே இரண்டு வயர்கள் போயின. மெல்லியதை இழுத்தேன், வந்துவிட்டது. அதை நேர்த்தியாக இரண்டாக மடித்து உள்ளேயே வைத்து மூடிவிட்டேன். எதையும் மடித்து வைக்க உம்மா பழக்கியிருந்தாள்.

அன்று இஷாவுக்குப் பிறகு வாப்பா ஒரே மிதியில் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பற்றரியில் மிச்சமிருந்த சார்ஜில் விளக்கும் எரிந்தது. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பது மக்னீற்றோ என்ற வேறொன்று, அதற்கு டைனமோவும் வேண்டாம் பற்றரியும் வேண்டாம் என்பதையெல்லாம் நான் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பொத்துவிலில் கழன்றது வேறு வயர்.

மறு வெள்ளி அவர் முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வாரம் முழுக்க முள் ஒருமுறைகூட வலப்பக்கம் சாயவில்லையாம். வியாழன் இரவு நிந்தவூரைத் தாண்டிய வயல்வெளியில் விளக்கு மங்கி அணைந்துவிட்டது. குறுக்கே வந்த எருமைப் பட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. வயலுக்குள் விழுந்திருக்கிறார். சேறு என்றபடியால் தப்பினேன் என்று சாச்சியிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் எழுந்து சட்டையைப் போட்டார். நான் அவரையே பார்த்தேன்.

“லைற் இல்லாம ராவில ஓட ஏலா மகள். பொழுது படக்கு முன்னம் போய்ச் சேரணும்” என்றார்.

இப்படித்தான் என் வாப்பாவை என் வீட்டில் தங்கவைக்க நான் செய்த வேலை, இருந்த நேரத்திலும் பாதியைக் கொண்டுபோனது. வயரைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று அதற்கடுத்த வெள்ளி மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். திருகாணி அசையவில்லை. விழுந்த பிறகு வாப்பா வண்டியில் இருந்த திருகாணிகளையெல்லாம் தன் பலம் கொண்ட மட்டும் இறுக்கியிருந்தார். அந்த மூடியையும், திறந்து பார்க்காமலே. என் விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம். சொல்லிவிடலாம் என்று பலமுறை அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முழங்கையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவேன்.

பிழை தேடும் வேலை தொடங்கியது. முதலில் பற்றரியில் பழி விழுந்தது. அது கழற்றப்பட்டு, கல்முனைக் கடைத்தெருவில் ரேடியோ பற்றரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடைக்குப் போய் வந்தது. ஒரு வாரத்தில் மறுபடி செத்தது. அதற்கடுத்த வெள்ளி, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கறுப்புப் பெட்டியைத் திறந்து, அதன் சின்னஞ்சிறு பித்தளை நாக்குகளை வாப்பா முற்றத்தில் இருந்து துடைத்தார். பகல் முழுக்க முற்றத்திலேயே இருந்தார். சாப்பாட்டைக்கூட அங்கேயே வாங்கிக்கொண்டார். முன்பு சாச்சிதான் பரிமாறுவாள்; இப்போது சோறு வைத்த சகனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வீட்டில் எண்ணெய்க் கறை படும் என்று அவளுக்குக் கோபம் என நினைத்தேன். முள் அப்போதும் அசையவில்லை.

அதற்கும் அடுத்த வெள்ளி, பாண்டிருப்பிலிருந்து அரிசி மில்லின் எஞ்சினைப் பழுதுபார்க்கும் பாஸ் வந்தார். நெற்றியில் திருநீறு, பழைய சைக்கிள், தோளில் ஒரு துணிப்பை. பையிலிருந்து ஒரு பல்பை எடுத்தார். அதில் இரண்டு நீள வயர்கள் ஈயம் வைத்து ஒட்டியிருந்தன. அந்தப் பல்பைக் கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு வந்தார். பற்றரியில் வைத்தார், எரிந்தது, பற்றரியில் பிழையில்லை. வண்டியின் இரும்பில் வைத்துப் பார்த்தார், அதிலும் பிழையில்லை. பெட்டியிலிருந்து கீழே இறங்கும் வயர்களைத் தடவிக்கொண்டே வந்தார். அவருடைய விரல் டைனமோவை நெருங்க நெருங்க நான் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனேன்.

பெரிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றால் மூடியைத் திறந்தார்.

“இது தானாக் கழண்டதில்ல, ஓவசியர்” என்றார். “ஆரோ கழட்டி, மடிச்சு வெச்சிரிக்காங்க.”

வாப்பா குனிந்து பார்த்தார். அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் பாஸ்” என்றார். “போன மாசம் ஒருக்காக் கழட்டிப் பார்த்தன். மறுகா பூட்ட மறந்துபோயிட்டன் போல.”

பாஸ் சிரித்தார். இவ்வளவு பெரிய வாய்க்காலெல்லாம் இவரை நம்பித்தானா ஓடுகிறது என்று கேட்டார். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் அதை நம்பினேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் கழற்றியதற்குப் பிறகு வாப்பாவும் ஒருமுறை கழற்றியிருக்கிறார், ஆகவே பிழை அவருடையது என்று முடிவு செய்து நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இத்தனை நாள் சும்மா கிடந்த டைனமோ இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் பாஸ். இரண்டு வயர்களையும் எடுத்துவிட்டு, அவை போகும் இரண்டு துளைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தார். பல்பின் ஒரு வயரை அதில் வைத்தார், மற்றதை வண்டியின் இரும்பில் வைத்தார். அவருடைய இரண்டு கையும் அதோடு சரி. எஞ்சினைக் கிளப்பி முடுக்க வாப்பா வேண்டும். உச்சி வெயிலில் பல்ப் எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. யாராவது கைக்குள் பொத்திப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“மகள், இஞ்ச வாங்க” என்றார் வாப்பா.

பல்பை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே அதைச் சுற்றி மூடினார். அவருடைய முழங்கையில் புதுத்தோல் வெள்ளையாக இருந்தது. எஞ்சின் கிளம்பியது. நான் பெருவிரல்களுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்தேன். முதலில் இருட்டு. பிறகு ஒரு சிவந்த நூல். வாப்பா மெல்ல முடுக்க முடுக்க நூல் மஞ்சளாகி, வெள்ளையாகி, உள்ளங்கை சுட்டது.

“எரியிது வாப்பா” என்றேன். உம்மா போன பிறகு நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

பாஸ் வயர்களைப் பூட்டினார். எஞ்சின் ஓடியது. முள் நடுவிலிருந்து வலப்பக்கம் சாய்ந்து நின்றது. பாஸ் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சைக்கிளில் போனார்.

எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. விளக்கு சரி. இனி வாப்பா இஷா வரைக்கும் இருப்பார். கணக்குக் கொப்பியை எடுத்து விறாந்தையில் வைத்தேன், பாயை விரித்தேன். வாப்பா அஸர் தொழுதுவிட்டு வந்தார், சட்டையைப் போட்டார், மோட்டார் சைக்கிளைப் பலகையிலிருந்து இறக்கினார்.

“லைற்தான் சரியாயிற்றே வாப்பா.”

“ஓம் மகள். நல்லா எரியிது” என்றார். நான் பார்ப்பதற்காக அதைப் போட்டும் காட்டினார். அந்த வெயிலில் வேலியில் வட்டம் விழவில்லை. பிறகு எஞ்சினை மிதித்தார். ஒழுங்கையின் முடிவுவரை விளக்கை அணைக்காமலே போனார்.

நான் வயரைக் கழற்றிய அதே வாரத்தில்தான் பண்டாரவளையிலிருந்து சாச்சாவின் கடிதம் வந்திருந்தது. புருஷன் ஊரில் இல்லாத இளம்பெண் இருக்கும் வீட்டில், பெண்சாதி இல்லாத ஆண் பொழுது பட்ட பிறகும் இருப்பதை ஊர் கதைக்கிறது என்று எழுதியிருந்தார். சாச்சி இதை எனக்குச் சொன்னபோது எனக்கே பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று வாப்பா தவித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்து, அவருக்குச் சொல்ல ஒன்று கிடைத்திருக்கிறது. அக்கரைப்பற்றிலேயே செய்திருக்கக்கூடிய வேலையை வாரம் ஒன்றாகப் பிரித்து என் முற்றத்துக்குக் கொண்டுவந்ததும் அதனால்தான். வெளியே, வெயிலில், ஒழுங்கையில் போகிற எல்லாரும் பார்க்க, பழுதான வண்டியோடு ஒரு மனிதன் எவ்வளவு நேரமும் இருக்கலாம்.

அன்று எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. சாச்சி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், என் கையில் இருந்த கறுப்பு மசகைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். இன்னும் எங்கேயோ ஒரு வயர் கழன்றுதான் கிடக்கிறது, அடுத்த வெள்ளி பாஸை இன்னொருக்காக் கூப்பிடுவோமா என்று அவளிடம் கேட்டேன்.

சாச்சி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, மசகு போன பிறகும் தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.