முறுக்கு அச்சு மாட்டிய கார்

காருக்கு முறுக்கு அச்சை மாட்டியவள் என்று என் அம்மாவைப் பற்றி வெண்ணந்தூர்ப் பக்கம் இன்னும் சிலர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த அச்சுக்குக் கோடு போட்டவள் நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடநாட்டுக்குப் போனால் திரும்பி வர ஆறேழு மாதம் ஆகும். அவர் வாங்கி நிறுத்தியிருந்த பழைய காரை அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளை அடுக்கி எடுத்துப்போய் ராசிபுரம் கடைகளுக்குப் போட்டு வந்தாள். பெரியப்பாவுக்கு இது ஆகவே ஆகாது. ஆம்பிளை இல்லாத வீட்டில் காருக்கு என்ன வேலை என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

முன்சக்கரங்களில் பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடுகள், அந்த டிஸ்க் இரண்டும், தேய்ந்துபோனபோது அவருக்கு வழி பிறந்தது. அந்தக் காருக்கு டிஸ்க் வருவது எப்போதோ நின்றுவிட்டது. சேலம் முழுக்க அலைந்த அம்மாவுக்கு வேறொரு காரின் டிஸ்க்தான் கிடைத்தது. அகலம், கனம் எல்லாம் ஒன்றே. போல்ட் மாட்டும் நான்கு துளைகள் மட்டும் எங்கள் சக்கரத்துக்குச் சேராமல் உள்ளடங்கி இருந்தன. அவள் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள், பெரியப்பா பழைய இரும்பு வாங்கும் ஆளைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை வந்து காரை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதற்குள் கார் ஓடவில்லை என்றால் அம்மாவின் முட்டை வியாபாரமும் அதோடு போய்விடும்.

சனிக்கிழமை காலை இரண்டு டிஸ்க்கையும் சாக்கில் கட்டிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனோம். பழைய துளைகளுக்கு நடுநடுவே, கொஞ்சம் வெளியே தள்ளி, புதிதாக நான்கு துளை போட்டுத் தரவேண்டும் என்றாள் அம்மா. பட்டறைக்காரர் டிஸ்க்கைத் தொடக்கூட இல்லை. பிரேக் சமாச்சாரத்தில் கை வைத்து நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் ஊர் தன்னைத்தான் பேசும் என்றார்.

"துளை போடறதுதானுங்க நீங்க. ஓட்டறது நானு," என்றாள் அம்மா. "செத்தா நாந்தானுங்களே சாவேன்."

அவர் ஒரு டிஸ்க்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, இடத்தைக் குறித்துக் கொடுத்தால் போடுவேன், அளவுக்குத் தான் பொறுப்பில்லை என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வீட்டுக்கு ஓடி ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வந்தேன். டிஸ்க்கின் நடு ஓட்டையில் நோட்டு அட்டையை வெட்டி அடைத்து, சாக்பீஸ் பூசி, அம்மா எங்கள் சக்கரத்தில் எடுத்து வைத்திருந்த அளவுக்குக் கவராயத்தை விரித்து ஊன்றி வட்டம் போட்டேன். பழைய துளைகளுக்குச் சரிபாதியில் புள்ளி வைத்தேன். மூன்று முறை அழித்து அழித்துப் போட்டேன். பட்டறைக்காரர் தன் அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு டிரில் மெஷினைப் போட்டார். அப்போது ஏறிய தலைக்கனம் எனக்கு இன்றுவரை முழுசாக இறங்கவில்லை.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் எட்டுத் துளை. அதில் முறுக்குப் பிழியலாம் என்று பெரியப்பா தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பட்டறைக்காரரே சாயங்காலம் வந்து மாட்டிக் கொடுத்தார். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லை, ஆனால் பிரேக் பிடிக்குமா என்பது ஓட்டினால்தான் தெரியும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பிடிக்கும் என்றாள் அம்மா.

ஞாயிறு காலை பெரியப்பா அந்த ஆளோடு வாசலில் வந்து நின்றார். நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

"எறங்கு சாமி," என்றாள் அம்மா.

"கோடு போட்டது நானு. நானும் வாரேன்."

அவள் என்னைத் தூக்கிக் கீழே விட்டாள். ஒரு கோழித்தீவன மூட்டையை இழுத்து வந்து பாரத்துக்கு என் இடத்தில் ஏற்றி, அதற்கு பெல்ட்டும் போட்டாள். பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கின. எனக்கில்லாத மரியாதை கோழித்தீவனத்துக்கா? அம்மா வீட்டுச் சாவியையும் போனையும் என் கையில் திணித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

எங்கள் வாசலுக்கு எதிரே ஏரிக்கரைச் சரிவு. கரைமேல் ஏறித் திருப்பி, வேகமாக இறங்கி, பாதியில் பிரேக் அடித்தாள். புழுதி அடங்கியபோது கார் அப்படியே நின்றிருந்தது. மறுபடி ஏறி இறங்கினாள். மூன்றாம் முறை இன்னும் வேகம். பிறகு நேரே எங்களை நோக்கி வந்து, பெரியப்பாவுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினாள். அவர் துள்ளி விலகியதில் செருப்பு ஒன்று மட்டும் அங்கேயே கிடந்தது.

"வண்டி விக்கறதுக்கில்லீங்க," என்று அந்த ஆளிடம் சொன்னாள்.

பிறகு என்னை ஏறச் சொல்லிக் கதவைத் திறந்தாள். தீவன மூட்டையையே கூட்டிக்கொண்டு போ என்று கத்திவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பிரேக் பிடிக்கும் என்று அம்மா சொன்னாள், நான் நம்பினேன். அன்று அந்த வாசலில் சந்தேகமே இல்லாமல் நம்பியவள் நான் ஒருத்திதான் என்பதும், அம்மாவே நம்பியிருக்கவில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அவள் முதல் முறை கரைமேல் ஏறி வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது நான் கோபத்தோடு போனைத் திறந்தேன். அப்பாவின் நம்பர் அழுத்தினால் போதும் என்கிற மாதிரி திரையில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. நான் அதை மூடிவிட்டுப் பாம்பு விளையாட்டைத் தேடினேன்.